பின்சுவரில் சன்னல் இல்லை

1

இந்தக் கதை எனக்குப் பெட்ரோல் பங்கில் கிடைத்தது. முழுசாகக் கிடைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் எது நடந்தாலும் அது பேசப்படுவது பங்கின் காபி மேசையில்தான். பின்லாந்தின் இந்த வடகிழக்கு மூலையில், ஜனவரியில், நின்று பேச வேறு இடமும் கிடையாது. நான் ஏலக்காய் பன் ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர், பனிவண்டி உடுப்பை இடுப்புவரை உரித்துத் தொங்கவிட்டபடி, ஆளுக்கொரு கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். இங்கே சண்டை போடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

"அவ செஞ்சது தப்பு."

"என்ன தப்பு? நீ அந்தப் பெட்டிக்குள்ள இருந்திருந்தா என்னத்தக் கிழிச்சிருப்ப?"

"நான் எதுக்குப் பெட்டிக்குள்ள போறேன்? காசு கொடுத்துக் குளிர்ல உக்கார நான் என்ன தெற்கத்தி ஆளா?"

"பேச்ச மாத்தாத. கட்டின புருஷன் பின்னால என்ன ஆனான்னு தெரியாம ஒருத்தி—"

அந்த நேரம் பார்த்து இயந்திரம் காபிக்கொட்டை அரைக்க ஆரம்பித்தது. அது நின்றபோது பேச்சு, ஏரியில் பனி எவ்வளவு தடிமன் என்பதற்கு மாறியிருந்தது. பிறகு இருவரும் எழுந்து, கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவள் என்ன செய்தாள்? ஒருவர் தப்பு என்றார், மற்றவர் இல்லை என்றார். செய்தது எது என்பது மட்டும் என் காதில் விழவில்லை. கல்லாவில் நின்ற பெண்ணைக் கேட்டிருந்தால் மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் சொல்லி முடித்திருப்பாள். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இதை எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஆகவே இனி வரும் பெயர்களும் பேச்சும் நான் இட்டுக் கட்டியவை.

2

முதல் தொடக்கம்: "கழுகு காத்திருந்தது."

வேண்டாம். கழுகு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காத்திருப்பது நாம்.

இரண்டாவது தொடக்கம்: "கத்தியைப் போன்ற குளிர் காட்டை—"

இதுவும் வேண்டாம். மைனஸ் முப்பதில் இந்த ஊர்க்காரர்கள் "இன்னிக்குக் காத்து இல்ல, பரவாயில்ல" என்பார்கள். குளிரை வர்ணிக்கிறவன் நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவன்.

மூன்றாவது தொடக்கம்: "ஹில்க்கா, கண்ணாடியில் உறைந்திருந்த தன் மூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்."

இது நிற்கும். இதில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு வேலை இருக்கிறது, வெளியே எதையோ பார்க்க வேண்டிய அவசரம் இருக்கிறது. இதிலிருந்தே போவோம்.

3

ஹில்க்கா, கண்ணாடியில் உறைந்திருந்த தன் மூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபது நெருங்குகிறது. சதுப்புநிலத்தின் ஓரத்தில், ஊசியிலை மரங்களுக்கு முன்னால், ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். பறவைகளைப் படமெடுப்பதற்கான மறைவிடம் அது. ஊரார் வெறுமனே பெட்டி என்பார்கள். இரண்டு முக்காலி, ஒரு கேஸ் அடுப்பு, மூலையில் மூடியோடு ஒரு வாளி. வாளி எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. முன்சுவரில் நீளமாக ஒரு கண்ணாடி. உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. அதற்குக் கீழே கேமரா மூக்கை நீட்டத் துணிக் குழாய்கள். பின்சுவரில் கதவு. கதவில் ஓட்டை உடைசல் எதுவும் கிடையாது.

கண்ணாடிக்கு எதிரே, பனிமேல், ஒரு செத்த பன்றி. பொன்னிறக் கழுகுக்கான விருந்து.

இந்தத் தொழிலில் விதி ஒன்றுதான். இருட்டோடு உள்ளே போக வேண்டும், இருட்டிய பிறகு வெளியே வர வேண்டும். நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. மனிதன் ஒருவன் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருவதைக் கழுகு ஒரு தரம் பார்த்துவிட்டால், அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கமே தலைகாட்டாது. முன்பொரு முறை, காசு கொடுத்துப் படமெடுக்க வந்த ஒரு விருந்தாளி, வாளி கேவலம் என்று நினைத்து மரத்தடிக்குப் போனார். அதன் பிறகு கழுகு திரும்பி வரச் சில குளிர்காலங்கள் ஆயின.

கழுகை ஏமாற்றுவதற்கு முன் அண்டங்காக்கைகளை ஏமாற்ற வேண்டும். அவை விடியுமுன்பே விழித்துக்கொண்டு மரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கும். அவை இறங்கித் தின்றால்தான் கழுகு நம்பி வரும். அதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்குப் போகும்போது கூடுதலாக ஓர் ஆள் கூட வருவார். மற்றவர்கள் உள்ளே போன பிறகு அவர் ஆரவாரமாகக் கிளம்பிப் போக வேண்டும். ஆட்கள் வந்தார்கள், ஆள் போய்விட்டான், பெட்டி காலி. காக்கைக்கு அவ்வளவு போதும். போகிறவருக்கு இங்கே 'போகிற ஆள்' என்றே பெயர்.

ஹில்க்காவின் போகிற ஆள் அவள் புருஷன் தைஸ்தோ. போகும்போது அவன் பாடுவான். குரல் சகிக்காது. "காக்கைக்குச் சந்தேகமே வராது, இந்தக் குரலை வச்சிக்கிட்டு எவனும் ஒளிஞ்சிருக்க மாட்டான்" என்பாள் ஹில்க்கா.

இன்று காலை அவன் பாடியது அவள் காதில் விழுந்தது. தொடக்கம் விழுந்தது. முடிவு விழுந்ததா? பனிவண்டி கிளம்பிய சத்தம் கேட்டதா?

(அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கூட வந்த விருந்தாளி முக்காலியை இழுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு யோசிக்கிற மாதிரிதான் இது. யோசிக்க யோசிக்க, பூட்டிய நினைவும் வருகிறது, பூட்டாத நினைவும் வருகிறது.)

4

விருந்தாளியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவர் வெளிநாட்டுக்காரர். அப்போது இருவரும் ஆளுக்குப் பாதி தெரிந்த மொழியில் கிசுகிசுக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குள் மௌனம் அதிகமாகி, எனக்கே தூக்கம் வந்தது. இரண்டாவது பிரதியில் இதய மருத்துவர் ஆக்கினேன். தைஸ்தோவுக்குப் போன இலையுதிர் காலத்தில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது; இதய மருத்துவர் வந்து உட்கார்ந்தால் கதை நேராக மருத்துவமனைக்குப் போய்விடும்.

கடைசியில் பல் மருத்துவராக நின்றார். துர்க்குவிலிருந்து வந்தவர், பெயர் சக்காரி. தெற்கத்திக்காரர், அதனால் பேசுகிறார். கனத்த லென்ஸ், விலை உயர்ந்த கையுறை. கேமரா பேட்டரிகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது, முட்டாள் இல்லை.

"அடுப்பக் கொஞ்சம் கூட்டலாமா?" என்று கிசுகிசுத்தார்.

"கூட்டினா சன்னல் முன்னால காத்து நடுங்கும். படம் கலங்கிப் போயிடும்."

"பல்லு தந்தியடிக்குதுங்க."

"உங்க தொழில்தானே, பாத்துக்குங்க."

சிரித்தார். ஹில்க்கா சிரிக்கவில்லை. அவள் காய்ந்த பைன் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

மரத்தின் உச்சியில் அண்டங்காக்கைகள் இருந்தன. வெளிச்சம் நன்றாகவே வந்துவிட்டது. வழக்கமாக இந்த நேரத்துக்குப் பன்றியின் கண்ணை முடித்திருக்கும். இன்று ஒன்றுகூட இறங்கவில்லை.

அவை பன்றியைப் பார்க்கவே இல்லை.

தலையைச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால், பெட்டிக்கு மேலாக, பெட்டிக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அந்தத் தலைச்சாய்ப்பை ஹில்க்கா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான படங்களில் எடுத்திருக்கிறாள். புத்தக அட்டையிலும் வந்திருக்கிறது. தரையில் கிடக்கிற ஒன்று இன்னும் அசையுமா, இனி அசையாதா என்று காக்கை கணக்குப் போடும் பார்வை அது.

ஒரு காக்கை கிளம்பியது. பெட்டியின் கூரைக்கு மேலே பறந்து போனது. இறக்கைச் சத்தம் தலைக்கு மேல் கடந்தது. திரும்பி வரவில்லை.

"என்ன?" என்றார் சக்காரி.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லைதான். பன்றியை இழுத்து வந்த தடத்தில் ரத்தம் சிந்தியிருக்கும். நரி வந்திருக்கும். தைஸ்தோ ரொட்டித் துண்டைக் கீழே போட்டிருப்பான், எப்போதும் போடுகிறவன்தான்.

பன்றியை இழுத்து வந்தது தைஸ்தோ. அவன் பாரம் தூக்கக் கூடாது. "இழுக்கத்தானே செய்யுறேன், தூக்கலயே" என்றான். பனிவண்டியை மரங்களுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, கடைசித் தூரம் சறுக்குப் பலகையில் வைத்து ஆள்தான் இழுத்துப் போக வேண்டும். அவளும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தாள். நடுவில் ஒரு தரம் அவன் நின்றான். மூச்சு வாங்கினான். தலைவிளக்கின் வெளிச்சத்தில் அவன் மூச்சுப் புகை வேகவேகமாக வந்தது. "என்ன பாக்குற? நடயேன்" என்றான்.

அவள் முக்காலியிலிருந்து எழுந்து, பின்சுவரில் காதை வைத்தாள். பிறகு விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

மரச்சுவர் கனமானது. இரண்டு பலகைக்கு நடுவே பஞ்சு அடைத்தது. தைஸ்தோவே அடைத்தான்.

சக்காரிக்கு இப்போது புரிந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். "ஓட்டை போட்டுப் பாக்கலாமா?"

"இதை வச்சிப் போட்டு முடிக்கறதுக்குள்ள வசந்தம் வந்துடும்."

[இங்கே வாசகர் என்னைக் கேட்கலாம்: எழுதுகிறவன் நீதானே, பின்சுவரில் ஒரு சன்னல் வைத்தால் என்ன? வைக்கலாம். ஒரு வரி போதும். "பின்சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஒரு சன்னல் இருந்தது." எழுதியும் பார்த்தேன். எழுதியவுடன் ஹில்க்கா எழுந்து பார்த்துவிட்டாள். பார்த்தவுடன், அவள் நெஞ்சில் இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டிருந்த சந்தேகம் நின்றுபோனது. அது அவளுக்கு நடக்கவில்லை. எனக்கு வசதியாக நடந்தது. அடித்துவிட்டேன்.]

6

சாதாரணமாக ஒரு மனைவி இந்நேரம் கதவைத் திறந்திருப்பாள். ஹில்க்கா ஏன் திறக்கவில்லை என்பதற்குக் கழுகு மட்டும் காரணம் என்றால் நானே நம்பமாட்டேன். ஆகவே ஆம்புலன்ஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மாலை தைஸ்தோ வீட்டுக்கு வெளியே இருந்த சவ்னாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்குப் போனான். நேரமாகியும் வரவில்லை. ஹில்க்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். உடை மாற்றும் அறையின் பெஞ்சில் மல்லாந்து கிடந்தான், வாய் திறந்தபடி. அவள் உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கக் கால் வரவில்லை. ஃபோன் செய்தாள். கூசமோவிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது, பின்னாலேயே தீயணைப்பு வண்டி, அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஊர். நான்கு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது தைஸ்தோ எழுந்து உட்கார்ந்தான். இடுப்பில் துண்டுகூட இல்லை.

"யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

அதிலிருந்து பங்கில் அவன் பெயர் பிணம். "வாய்யா பிணம், காபி சூடா வேணுமா, ஆறிப் போனதா?" பக்கத்து வீட்டு ரெய்னோதான் பெயர் வைத்தவன். தைஸ்தோ சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பதில்லை. சாப்பிடும்போது நிமிர்ந்தால் அவள் அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ராத்திரி விழித்தால் அவள் கை அவன் மூக்கருகே இருக்கும்.

ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"இங்க பாரு ஹில்க்கா. நான் செத்தா மொதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன். அதுவரைக்கும் என்னைத் தேடி வராத."

"வெளையாடாத."

"வெளையாடல. எனக்கு மூச்சு முட்டுறது நெஞ்சால இல்ல, உன்னால. சரின்னு சொல்லு."

"சரி."

"சத்தமா."

"சரின்னுதான் சொல்லிட்டேனே!"

அவள் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ராத்திரி கையைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். வீட்டில் ஏதோ ஒன்று தளர்ந்து, பழையபடி அவன் காலையில் பாட ஆரம்பித்திருந்தான்.*

\* முதல் பிரதியில் இந்த இடத்தில் அவர்கள் இருவரும் கைகோர்த்து உறைந்த ஏரிமேல் நடந்தார்கள். கைகோர்க்க வேண்டுமானால் கையுறையைக் கழற்ற வேண்டும். இந்த ஊரில் அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

7

பெட்டிக்குள் ஃபோன் வேலை செய்யும். சத்தமில்லாமல் எழுத மட்டும் செய்யலாம். கோட்டை விரித்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, திரையின் வெளிச்சம் கண்ணாடியில் படாமல், ஹில்க்கா ரெய்னோவுக்கு எழுதினாள்.

தைஸ்தோ வீட்டுல இருக்கானா பாரு. பனிவண்டி நிக்குதா?

*மறுபடியுமா?*

பாத்துச் சொல்லு.

அவள் தைஸ்தோவின் எண்ணை அழுத்தினாள், மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ரெய்னோவின் பதில் வந்தது:

*வண்டி இல்ல. ஏரிக்கு வலை பாக்கப் போயிருப்பான். பிணத்துக்கு மீனுன்னா உசிரு.*

ஃபோன் எடுக்க மாட்டேங்கறான்.

*என்னிக்கு எடுத்திருக்கான்? உங்க வாசல்லதான் நிக்கிறேன். ஃபோன் அடுப்படி சன்னல்ல கெடந்து அடிக்குது.*

அப்புறம்:

*நான் வண்டிய எடுத்துட்டு வரவா?*

ஹில்க்கா "வா" என்று எழுதினாள். விரல் அனுப்புவதற்கு முன் நின்றது. ரெய்னோ பகலில் பனிவண்டியோடு வந்து நின்றால் கதவைத் திறப்பதும் அதுவும் ஒன்றுதான். கழுகும் போகும். அதோடு, நாளைக் காலை பங்கில் அவள் புருஷனுக்கு இரண்டாவது முறையாகக் கருமாதி நடக்கும். அழித்தாள். "வேணாம்" என்று எழுதினாள்.

*சரி. ஆனா ஒண்ணு, ஆம்புலன்ஸ மட்டும் கூப்புடாத. போன தடவ வந்தவங்களுக்கு நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். ஒருத்தன் மூணு கோப்பை குடிச்சான்.*

வலை பார்க்கப் போயிருப்பான். நிச்சயம் போயிருப்பான். பெட்டியில் விட்டுவிட்டு நேரே ஏரிக்குப் போய், பனிக்கு அடியில் போட்ட வலையைப் பார்ப்பது அவன் வழக்கம்தான். அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல, மரத்திலிருந்து இன்னொரு காக்கை கிளம்பி, கூரைக்கு மேலே கடந்து, பின்னால் போய் இறங்கியது. இந்த முறை இறங்கிய இடத்திலிருந்து குரல் வந்தது. அடித்தொண்டையில், கொட்டாங்கச்சியைத் தட்டுவது போல ஒரு குரல். மற்ற காக்கைகளை வரச் சொல்லும்போது அப்படிக் கூப்பிடும்.

அல்லது சண்டை போடும்போது. அதுவும் இப்படித்தான் இருக்கும்.

8

இந்த இடத்துக்கு வந்ததும் நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) ஹில்க்கா கதவைத் திறக்கிறாள். பின்னால் பனியில், பன்றி இழுத்த தடத்தில் உறைந்த ரத்தத்தைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருக்கின்றன. வேறு யாரும் இல்லை. தைஸ்தோ மாலையில் மீனோடு வருகிறான். கழுகு போய்விட்டது என்று தெரிகிறது. ஏன் போனது என்றும் தெரிகிறது. அவன் திட்டவில்லை. எதுவுமே சொல்லவில்லை. மறுநாள் காலை பாடவில்லை.

(ஆ) ஹில்க்கா கதவைத் திறக்கிறாள். பின்னால் பனியில்

எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்.

(இ) ஹில்க்கா திறக்கவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறாள். பல் மருத்துவருக்கு நல்ல படங்கள் கிடைக்கின்றன. இருட்டிய பிறகு பனிவண்டியின் சத்தம் கேட்கிறது, பாட்டும் கேட்கிறது.

(ஈ) ஹில்க்கா திறக்கவில்லை. இருட்டிய பிறகு எந்தச் சத்தமும்—

நான்கையும் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான், பங்கில் ஏன் யாரையும் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. கேட்டிருந்தால், அவள் என்ன செய்தாள் என்பதோடு கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் சேர்ந்தே வந்திருக்கும். தெரிந்த பிறகு நானும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருப்பேன். (அ) என்றால் "பதட்டக்காரி, கழுகையும் கெடுத்தாள், புருஷனையும் கெடுத்தாள்." (ஆ) என்றால் "பாதி நாள் என்ன செய்துகொண்டிருந்தாள்?" (அ)விலும் (ஆ)விலும் அவள் செய்தது ஒரே காரியம். அதே நேரத்தில், அதே கையால், அதே கதவைத் திறந்திருக்கிறாள்.

அவளுக்கு இந்தப் பட்டியல் கிடைக்கவில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் சில காக்கைகள் பார்த்த திசை.

9

அப்போதுதான் கழுகு வந்தது.

முதலில் நிழல் வந்தது. தாழ்ந்த சூரியனில் நீளமாக, பனிமேல் சறுக்கிக்கொண்டு, பன்றியைத் தாண்டிப் போய்த் திரும்பியது. பிறகு கால்களை நீட்டிக்கொண்டு அது இறங்கியது. பனித்தூள் எழும்பி அடங்கியது. பிடரி வெயிலில் தேன் நிறமாக எரிந்தது. முதிர்ந்த பெண் கழுகு. தைஸ்தோ அதை எஜமானி என்பான். "வீட்டுல ஒரு எஜமானி, காட்டுல ஒரு எஜமானி. காட்டுல இருக்கறவ என் மூச்சை எண்ணுறதில்ல."

சக்காரி மூச்சை அடக்கினார். ஹில்க்காவின் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டா."

"தெரியுது."

"எடுக்கலாமா?"

"எடுங்க. அதுக்குத்தானே வந்தீங்க. லென்ஸ மெதுவா திருப்புங்க, கண்டுபிடிச்சுடுவா."

ஒரு பிரதியில் சக்காரி படம் எடுக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். அதில் அவர் மகான் ஆகிவிட்டார். இன்னொரு பிரதியில் நிறுத்தாமல் எடுத்துத் தள்ளினார், அதில் வில்லன். பல் மருத்துவர் ஒருவர் என்ன செய்வாரோ அதை இப்போது எழுதுகிறேன். எடுத்தார். நல்ல படம் என்று அவருக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, கண்ணைக் கேமராவிலிருந்து விலக்காமலே கேட்டார்:

"காக்கைங்க ஏன் கீழ வரல?"

ஹில்க்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகு இறங்கித் தின்னத் தொடங்கினால் அண்டங்காக்கைகள் சும்மா இருக்காது. பின்னால் வந்து வாலைப் பிடித்து இழுக்கும், சிதறுவதைத் திருடும். ஒன்றுகூட வரவில்லை. மரத்தில் மிச்சமிருந்தவையும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஹில்க்கா."

"ம்."

"கதவத் தொறக்கணும்னா எனக்காகப் பாக்காதீங்க. எனக்குப் படம் கெடச்சிருச்சு."

"உங்களுக்காக இல்ல. இதுல உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"அப்போ?"

"அவன்கிட்ட சொல்லிட்டேன். தேடி வரமாட்டேன்னு."

சக்காரி யோசித்தார். கண்ணாடிக்கு வெளியே கழுகு ஒரு துண்டைக் கிழித்து, தலையைத் தூக்கி விழுங்கியது.

"போனா திட்டுவாரா?"

"திட்டுவான். ஒரு மாசம் பேசமாட்டான். அப்புறம் மறுபடி திட்டுவான். ஊருக்கே கேக்கற மாதிரி திட்டுவான்." ஹில்க்காவின் கிசுகிசுப்பு உடைந்தது. "திட்டினா நல்லதுதானே."

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவள் பின்சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

[இங்கே அவள் மனதில் ஓடியதை ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு அந்தப் பத்திக்கு நேரம் இருக்கவில்லை.]

10

ஹில்க்கா எழுந்தாள். முக்காலி சாய்ந்தது. கதவின் தாழ்ப்பாளில் அவர்கள் இருவரின் மூச்சும் ஏறி உறைந்துபோயிருந்தது, கையால் நகரவில்லை. ஃபிளாஸ்க்கை எடுத்து அடித்தாள். பெட்டி முழுக்க அதிர்ந்தது. முன்னால், கண்ணாடிக்கு அப்பால், கழுகு ஒரே அடியில் எழும்பியது. காய்ந்த பைன் மரத்திலிருந்து காக்கைகள் கத்திக்கொண்டு சிதறின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அடித்தாள். "தைஸ்தோ!" என்று கத்தினாள். இத்தனை நேரம் கிசுகிசுத்த தொண்டையிலிருந்து வந்ததால், அது யாருடைய குரலோ போல இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு திறந்தது. வெளிச்சம் பின்னாலிருந்து உள்ளே விழுந்தது. அவள் இறங்கி ஓடும் சத்தம், பனி நொறுங்கும் சத்தம்.

இங்கே நிறுத்துகிறேன்.

தெரிந்துவைத்துக்கொண்டு உங்களிடம் மறைக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை.

நீங்கள் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறீர்கள், பல் மருத்துவரின் பக்கத்து முக்காலியில், கண்ணாடியைப் பார்த்தபடி. வெளியே பன்றி கிடக்கிறது, அதன்மேல் யாரும் இல்லை. உங்கள் முதுகில் குளிர் அடிக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

திருப்புவதற்கு முன்னால் ஒன்று. அவள் செய்தது சரியா, தப்பா? இப்போதே, ஒன்றும் தெரியாத இந்த நிமிஷத்தில், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.